கூழ்க் கிடாரத்தின் மூடி

மொன்றியலில் கூழ் காய்ச்சுவதற்கு மாசி மாதம்தான் தோது. வெளியே மைனஸ் இருபது. பார்க் எக்ஸ்ரென்ஷன் பக்கத்து வீடொன்றின் நிலக்கீழ்க் குசினியில் பெரிய கிடாரம் அடுப்பில் ஏறியிருக்கும். ஒடியல் மா முதலே ஊறிக் கசப்பு விட்டிருக்கும். ஒரு வீட்டார் நண்டு கொண்டு வருவார்கள், இன்னொரு வீட்டார் பயற்றங்காய். மரவள்ளிக்கிழங்கும் பலாக்கொட்டையும் கடைக் குளிர்ப்பெட்டியிலிருந்து வரும். புளியையும் செத்தல் மிளகாயையும் வீட்டுக்காரி பார்த்துக்கொள்வாள். ஒவ்வொருவராக வந்து, மூடியைக் கொஞ்சம் தூக்கி, கொண்டுவந்ததைப் போட்டுவிட்டுப் போவார்கள். கடைசியில் எல்லாருக்கும் ஒரே கூழ்.

இந்தக் குசினியில் இரண்டு இடங்களைப் பார்த்து வையுங்கள். ஒன்று வாசல். யார் வந்தார், யார் வரவில்லை என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். சப்பாத்துகளை எண்ணினாலே போதும். மற்றது மூடி. வந்தவர் உள்ளே எதைப் போட்டார், எவ்வளவு போட்டார் என்பது அதற்குக் கீழே மறைந்துவிடும்.

தேர்தலும் இப்படித்தான். வாக்களிக்கப் போவது ஊரறிந்த செயல், யாருக்குப் போட்டோம் என்பது மறைந்த செயல். வன்முறை நடந்தால் வாக்களிப்பு வீதம் குறையும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதிதான் சரி. யாழ்ப்பாணத்தில் மிரட்டலுக்கு நடுவே 1.21 வீதம் பதிவான தேர்தலும் உண்டு. மிரட்டலுக்கு நடுவே வடக்கில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பதிவான தேர்தலும் உண்டு. மிரட்டுகிறவர் வாசலில் நிற்கிறாரா, மூடிக்குப் பக்கத்தில் நிற்கிறாரா என்று பார்த்தால் இந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி விளங்கிவிடும் என்பது என் எண்ணம்.

முதலில், பயமே இல்லாத நாளில் ஒருவர் ஏன் வருகிறார்? 1968இல் வில்லியம் றைக்கர், பீட்டர் ஓர்டெஷுக் என்ற இரண்டு அமெரிக்க அரசறிவியலாளர்கள் இதை ஒரு கணக்காக எழுதினார்கள். என் ஒரு வாக்கு முடிவை மாற்றும் வாய்ப்பை, மாறினால் எனக்குக் கிடைக்கும் நன்மையால் பெருக்க வேண்டும். போய்வரும் செலவைக் கழிக்க வேண்டும். போட்டேன் என்ற மனநிறைவைக் கூட்ட வேண்டும். என் ஒரு கைப்பிடி பயற்றங்காயால் கிடாரத்தின் ருசி மாறுமா? மாறாது. ஆகவே முதற்பகுதி கிட்டத்தட்டப் பூச்சியம். குளிரில் பஸ் பிடித்து வரும் செலவோ நிச்சயம். அப்படியும் ஆட்கள் வருகிறார்கள் என்றால் கடைசியாகக் கூட்டிய அந்தச் சங்கதிதான் இழுத்து வருகிறது: வராவிட்டால் என்ன நினைப்பார்கள், நான் இல்லாமல் கூழா என்கிற நினைப்பு. வன்முறை செலவை ஏற்றும், அது எல்லாருக்கும் தெரியும். அதே வன்முறை கடைசிப் பகுதியையும் ஏற்றிவிடக்கூடும். அதற்குத் தமிழில் ரோசம் என்று பெயர்.

இனி வாசலில் நிற்பவரைப் பார்ப்போம். அவருக்குக் கூழின் ருசியைப் பற்றிக் கவலையில்லை. ஒருவரும் உள்ளே போகக் கூடாது, அவ்வளவுதான். அவருடைய வேலை சுலபம், ஏனென்றால் தேர்தல் திணைக்களமே அவருக்கு ஓர் அடையாளம் போட்டுக் கொடுக்கிறது. வாழைக்காய் சீவினவளின் விரலைப் பார்த்திருப்பீர்கள். சவர்க்காரம் போட்டாலும் தேசிக்காய் தேய்த்தாலும் கறை நாலைந்து நாளைக்கு நிற்கும். இன்று என்ன கறி என்று கேட்கவே தேவையில்லை. இலங்கையில் இடது கைச் சின்ன விரலில் பூசும் மையும் அந்தக் கறை மாதிரித்தான். கள்ள வாக்கைத் தடுக்க வந்த அந்த மை, மிரட்டுகிறவனுக்குச் சாட்சியாகிவிடும். ஆப்கானிஸ்தானில் 2014 ஜூனில், ஹெராத் மாகாணத்தில் வாக்களித்துவிட்டு வந்த முதியவர்களின் மை பூசிய விரல்களைத் தலிபான்கள் வெட்டினார்கள். அவர்கள் யாருக்கு வாக்களித்தார்கள் என்று வெட்டியவர்கள் கேட்க வேண்டியிருக்கவில்லை.

2005 நவம்பர் 17, இலங்கை ஜனாதிபதித் தேர்தல். தேர்தலில் தமிழ் மக்களுக்கு அக்கறையில்லை என்று விடுதலைப் புலிகளும் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் அறிவித்திருந்தன. அதன் பின்னால் வேறு பெயர்களில் துண்டுப்பிரசுரங்களும் எச்சரிக்கைகளும் வந்தன. யாழ்ப்பாண மாவட்ட வாக்காளர் இடாப்பில் 7,01,938 பெயர்கள் இருந்தன. வாக்களித்தவர்கள் 8,524 பேர். கிளிநொச்சித் தொகுதியில் விழுந்த வாக்கு ஒன்றே ஒன்று. அந்த ஒருவர் யாராக இருந்திருப்பார் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். மகிந்த ராஜபக்ச ரணில் விக்கிரமசிங்கவை வென்றது 1,80,786 வாக்குகளால். யாழ்ப்பாண இடாப்பில் மட்டும் வராதவர்கள் 6,93,000 பேருக்கு மேல்.

இந்தக் கதையை இங்கே கூழ் மேசையில் எடுத்தால் இரண்டு பேராவது பிளாவைக் கீழே வைத்துவிடுவார்கள். ‘அது பயமில்லை, கொள்கை’ என்பார் ஒருவர். ‘போய்ப் போட்டிருந்தால் தெரிந்திருக்கும் கொள்கை’ என்பார் மற்றவர். இரண்டு பேரிலும் நியாயம் உண்டு. வாக்களிப்பு வீதம் என்ற எண்ணுக்கு வாய் கிடையாது. பசியில்லாமல் வராதவனையும் வாசலில் மறித்ததால் திரும்பிப் போனவனையும் அது ஒரே கணக்கில்தான் போடும். வாசலில் ஆள் நின்றது உண்மையென்றால், வராதவர்கள் எல்லாரும் விரும்பித்தான் வரவில்லை என்று சொல்லும் உரிமை ஒருவருக்கும் இல்லை. நான் நிற்பது அந்த இடத்தில்.

வாசற்காரரிடம் இன்னொரு தந்திரமும் உண்டு. எல்லாரையும் மறிக்க ஆள் காணாது. ஆகவே முதலில் வருபவரை மட்டும் குறிவைப்பது. 1988 ஜனாதிபதித் தேர்தலில் தெற்கில் ஆயுதக் கிளர்ச்சியில் இருந்த ஜே.வி.பி. செய்தது அதுதான். முதலில் வாக்களிக்க வருபவர்களுக்குச் சாவு என்று மிரட்டினார்கள். வாக்களிப்பு நிலையம் காலை ஏழு மணிக்குத் திறக்கும், ஆனால் முதலாவது ஆளாக நிற்க யாருக்கு மனம் வரும்? எட்டு மணிக்குப் போகலாம், ஒன்பதுக்குப் போகலாம் என்று ஆளையாள் பார்த்துக்கொண்டு நாள் போய்விடும். 1982 ஜனாதிபதித் தேர்தலில் 81 வீதமாக இருந்த நாட்டு வாக்களிப்பு 1988இல் 55 வீதத்துக்கு இறங்கியது. தெற்கின் சில மாவட்டங்களில் விழுந்த வீழ்ச்சி அதைவிடப் பெரிது. கொதிக்கிற மூடியை முதலில் தூக்குபவருக்குத்தான் ஆவி அடிக்கும், பின்னால் வருபவர்களுக்கு அது வெறும் மூடி.

அதே காரணத்தால், எல்லாரும் சேர்ந்து வந்தால் வாசற்காரரின் பலம் சட்டென்று உடைந்துவிடும். பார்க் எக்ஸ்ரென்ஷனில் எங்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களான பஞ்சாபிகளைக் கேளுங்கள். 1992 பெப்ரவரியில் பஞ்சாப் சட்டமன்றத் தேர்தலை ஆயுதக் குழுக்கள் மிரட்டின, அகாலி தளத்தின் முக்கிய பிரிவுகள் புறக்கணித்தன. வாக்களிப்பு 24 வீதத்தைக்கூடத் தொடவில்லை. மறு ஆண்டு ஜனவரியில் நடந்த ஊராட்சித் தேர்தலில் அது 80 வீதத்தைத் தாண்டியது. இடையில் பொலிஸ் நடவடிக்கை ஆயுதக் குழுக்களை ஒடுக்கியிருந்தது (அந்த ஒடுக்கலில் காணாமற்போனவர்களின் கணக்கு தனி). ஆனால் ஒரு கிராமமே நிரையில் நின்றதும் ஒரு காரணம். எல்லாருடைய விரலிலும் கறை இருந்தால் அது அடையாளமில்லை.

அடுத்தவர் மூடிக்குப் பக்கத்தில் நிற்பவர். இவருக்கு நீங்கள் வரவேண்டும். வந்து அவர் சொன்னதைப் போடவேண்டும், போடாவிட்டால் அடி. இவருடைய தலைவலி, மூடியைத் தூக்கிப் பார்க்க முடியாதது. கையில் பொட்டலத்தோடு வருகிறீர்கள், தலையாட்டுகிறீர்கள், மூடிக்குக் கீழே கையை விடுகிறீர்கள். அங்கே கை விரும்பினதைச் செய்யும்.

1981 யாழ்ப்பாண மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் ஜூன் 4ஆம் திகதி நடந்தது. அதற்குச் சில நாள் முன்னர் ஆளும் ஐக்கிய தேசியக் கட்சியின் முதன்மை வேட்பாளர் தியாகராஜா சுடப்பட்டு இறந்தார். மே 31ஆம் திகதி நாச்சிமார் கோவிலடிக் கூட்டத்தில் பொலிஸார் சுடப்பட்டனர். அதன் பின் பொலிஸ் வெறியாட்டத்தில் கடைகளும் வீடுகளும் எரிந்தன, அவற்றோடு யாழ்ப்பாணப் பொது நூலகமும் எரிந்தது. நாலு நாளில் தேர்தல். வாக்குப் பெட்டிகள் சில காணாமற்போயின. இவ்வளவுக்கும் பின்னர் முடிவு என்ன? பத்து ஆசனங்களும் தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு. சாம்பல் மணம் போகாத ஊரில் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். இரண்டே வருடம் கழித்து, 1983 மேயில் உள்ளூராட்சித் தேர்தல். இப்போது மிரட்டல் மறுபக்கத்திலிருந்து வந்தது. வேட்பாளர்கள் கொல்லப்பட்டார்கள், புறக்கணிக்கச் சொல்லிப் புலிகள் கட்டளையிட்டார்கள். வடமராட்சிப் பக்கம் விழுந்த வாக்குகளை விரல்விட்டு எண்ணலாம் என்ற நிலை. முதல் தடவை மூடிக்குப் பக்கத்தில் நின்று மிரட்டினார்கள், இரண்டாம் தடவை வாசலில்.

2013 செப்டெம்பர் 21, வட மாகாண சபைக்கு முதலாவது தேர்தல். யுத்தம் முடிந்து நாலு வருடம், சந்திக்குச் சந்தி இராணுவம். வாக்களிப்புக்கு முதல்நாள் அதிகாலையில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் வேட்பாளர் அனந்தி சசிதரனின் வீட்டை ஒரு கூட்டம் தாக்கியது. அங்கே போயிருந்த தேர்தல் கண்காணிப்பாளரும் அடிபட்டார். வாக்களிப்பு நாள் காலையில் ‘உதயன்’ பத்திரிகையைப் போலவே அச்சடித்த ஒரு போலிப் பத்திரிகை வந்தது. அனந்தி அரசாங்கப் பக்கம் சேர்ந்துவிட்டார் என்பது அதில் செய்தி. ஆட்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டே வரிசையில் நின்றார்கள். வாக்களிப்பு 67 வீதத்தைத் தாண்டியது. கூட்டமைப்புக்கு 38இல் 30 ஆசனம். அனந்திக்கு 87,870 விருப்பு வாக்குகள், கூட்டமைப்பின் முதலமைச்சர் வேட்பாளர் விக்னேஸ்வரனுக்கு அடுத்த இடம். அந்த அதிகாலைத் தாக்குதலைத் திட்டமிட்டவருக்குச் சமைக்கத் தெரியாது. கொதிக்கிற பாலுக்குக் கீழே இன்னும் இரண்டு விறகைத் தள்ளினால் பால் அடங்காது.

இந்த மூடி எவ்வளவு கனம் என்பது வாக்கை எப்படி எண்ணுகிறார்கள் என்பதிலும் தங்கியிருக்கிறது. இலங்கையில் முடிவுகள் தொகுதி வாரியாக வெளியாகும். பல்லாயிரம் பேரின் வாக்கு ஒரே கிடாரத்தில் கலந்துவிடும். இந்தியாவில் ஒவ்வொரு வாக்குச்சாவடியின் கணக்கும் படிவம் 20 என்ற பெயரில் தனித்தனியே வெளிவருகிறது. தமிழ்நாட்டில் ஒரு சேரி எந்தச் சின்னத்துக்குப் போட்டது என்பதைக் கட்சிக்காரர் மறுநாளே விரல் வைத்துச் சொல்வார். கிடாரம் சின்னச் சட்டியாகிவிட்டால் மூடியிருந்தும் பயனில்லை, மணத்திலேயே தெரிந்துவிடும். பல இயந்திரங்களின் வாக்குகளைக் கூட்டி ஒரே எண்ணாகத் தரும் கருவியை 2008இல் தேர்தல் ஆணையம் பரிந்துரைத்தது. 2015இல் சட்ட ஆணையமும் ஆமோதித்தது. கைத்தொலைபேசியால் வாக்குச்சீட்டைப் படம் பிடித்துக் காட்டு, காசு தருகிறேன் என்பது இன்னொரு ஓட்டை.

மொன்றியலும் இதற்கு வெளியே நின்ற ஊர் இல்லை. 1963இலிருந்து கியூபெக் விடுதலை முன்னணி இங்கே தபால் பெட்டிகளில் குண்டு வைத்தது. 1969 பெப்ரவரியில் பங்குச்சந்தையிலேயே குண்டு வெடித்தது. 1970 ஏப்ரல் 29ஆம் திகதி மாகாணத் தேர்தல். பிரிவினை கேட்ட பார்ட்டி கெபெக்வாவுக்கு அது முதல் தேர்தல். மூன்று நாள் முன்னர், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பிரிங்ஸ் நிறுவனத்தின் கவச லொறிகள் ஒன்பது, நகர நடுவிலிருந்து பங்குப் பத்திரங்களை ஏற்றிக்கொண்டு ஒன்ராறியோவை நோக்கிக் கிளம்பின. படம் பிடிக்க ஆள் தயாராக நின்றது. பிரிவினைக்காரர் வந்தால் காசு ஓடிவிடும் என்று சொல்லாமல் சொன்ன காட்சி அது. மிரட்டல்தான், ஆனால் கத்தியில்லாத மிரட்டல், மூடிக்குப் பக்கத்தில் நின்று செய்த மிரட்டல். வாக்களிப்பு 84 வீதம். குண்டுகள் யாரையும் வீட்டில் இருத்தவில்லை. பார்ட்டி கெபெக்வா 23 வீத வாக்கு வாங்கி, 108இல் ஏழே ஆசனங்களோடு நின்றது.

அதே வருடம் அக்டோபரில் மூன்றாவது வழியொன்று தெரிந்தது. 5ஆம் திகதி அதே விடுதலை முன்னணியால் பிரித்தானிய வர்த்தக அதிகாரி ஜேம்ஸ் குறொஸ் கடத்தப்பட்டார், 10ஆம் திகதி கியூபெக் அமைச்சர் பியேர் லபோர்ட். 16ஆம் திகதி போர் நடவடிக்கைகள் சட்டம் வந்தது. மறுநாள் ஒரு காரின் பின்பெட்டியில் லபோர்ட்டின் உடல் கிடந்தது. தெருவில் படை, பிடியாணையில்லாமல் நானூறுக்கு மேற்பட்டோர் கைது. இந்த நெருப்புக்கு நடுவில், 25ஆம் திகதி, மொன்றியல் நகரசபைத் தேர்தல். மேயர் ழான் ட்ரப்போவை எதிர்த்து ஃப்ராப் என்ற புதிய இடதுசாரி அணி நின்றது. அதன் ஆட்கள் சிலர் சிறையில். அது ஆயுதக்காரரின் முகமூடி என்று மத்திய அமைச்சர் ழான் மர்ஷான் சொன்னார், அவர்கள் வந்தால் தெருவில் இரத்தம் ஓடும் என்றார் ட்ரப்போ. ட்ரப்போவுக்கு 90 வீதத்துக்கு மேல் வாக்கு, சபையின் 52 ஆசனங்களும் அவருடைய கட்சிக்கே. சொத்து, வாடகை என்ற நிபந்தனை நீங்கி எல்லாருக்கும் வாக்குக் கிடைத்த முதலாவது நகரத் தேர்தல் அது என்பதுதான் வேடிக்கை. வாசலில் ஒருவரையும் மறிக்கவில்லை, மூடியைத் தூக்கிப் பார்க்கவுமில்லை. அடுப்பிலிருந்த மற்றச் சட்டியை நஞ்சு என்று சொல்லி இறக்கி வைத்தார்கள், அவ்வளவுதான்.

நாலாவது வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1999 ஜனவரியில் வடமேல் மாகாண சபைத் தேர்தல் நடந்த விதத்தால், வயம்ப என்ற பெயரே இலங்கையில் தேர்தல் மோசடிக்கு மறுபெயராகிவிட்டது. முகவர்களை அடித்துத் துரத்திவிட்டுப் பெட்டியை நிரப்பினால் வாக்களிப்பு வீதம் ஏறத்தான் செய்யும். கல்லைப் போட்டாலும் கிடாரம் கனக்கும்.

இனி எங்களைப் பற்றி. வீதம் என்பது வந்தவர்களை வரவேண்டியவர்களால் வகுப்பது. வரவேண்டியவர்களின் கணக்குப் பிழைத்தால்? 2010 ஏப்ரலில் யுத்தம் முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வாசலில் துவக்கோடு மறிக்க எவருமில்லை, ஆனால் யாழ்ப்பாண மாவட்டத்தில் பாராளுமன்றத் தேர்தலுக்கு வாக்களித்தவர்கள் 23 வீதம். பழைய பயம், புதிய இராணுவம், சலிப்பு, இடம்பெயர்ந்தவர்கள் முகாமில் இருந்தது எல்லாம் காரணங்கள். ஆனால் இடாப்பைப் பாருங்கள். 7,21,359 பெயர்கள். 2015இல் அதே மாவட்ட இடாப்பில் 5,29,239 பெயர்கள்தான். ஏறத்தாழ 1,92,000 பெயர்கள் கழிந்திருக்கின்றன. செத்தவர்கள், வன்னிக்குப் போனவர்கள், கொழும்புக்குப் போனவர்கள், மிச்சம் நாங்கள். 2010இல் விழுந்த 1,68,277 வாக்குகளை 2015 இடாப்பால் வகுத்தால் 32 வீதம் வரும். ஒருவரும் கூடுதலாக வாக்களிக்காமலே ஏறத்தாழ எட்டரை வீதம் ஏறுகிறது.

அதாவது பல வருடமாக யாழ்ப்பாணத்தின் வாக்களிப்பைக் குறைத்துக் காட்டியதில் மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் பாரிஸுக்கும் பங்குண்டு. 1986 ஓகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 ஈழத்தமிழரை ஒரு மீன்பிடிக் கப்பல்காரர் கண்டு கரைசேர்த்த கதை உங்களுக்குத் தெரியும். அவர்களில் பலர் பிறகு மொன்றியலுக்கு வந்தார்கள். அப்படி வந்தவர்களின் பெயர்கள் ஊர் இடாப்புகளில் எத்தனை காலம் கிடந்திருக்கும்! வன்முறை வாக்காளனைத் தேர்தல் நாளில் மட்டும் மறிப்பதில்லை. இருபது வருடத்துக்கு முன்னரே அவனைக் கப்பல் ஏற்றிவிட்டு, பெயருக்கு மட்டும் பந்தியில் இலை போட்டு வைத்திருக்கும். அந்த இலை கடைசியில் எடுக்கப்பட்டபோது ஆசனமும் போயிற்று: 2010இல் ஒன்பது பாராளுமன்ற உறுப்பினர்களை அனுப்பிய மாவட்டம் 2015இல் ஏழு பேரைத்தான் அனுப்பியது.

அப்படிக் கப்பலேறி வந்தவர்கள் இப்போது இங்கே வாக்காளர்கள். 2021 நவம்பரில் மொன்றியல் நகரசபைத் தேர்தல். மிரட்டல் இல்லை, மை இல்லை, வாசலில் ஆளில்லை. வாக்களிப்பு 38 வீதம். எங்களூர் மாமா ஒருவருக்கு அதுதான் கனடாவில் முதல் வாக்கு. பேரன் கூட்டிக்கொண்டு போனான். மாமா அட்டைத் தட்டிக்குப் பின்னால் போய்ப் பென்சிலால் வட்டத்தை நிரப்பி, மடித்து, பெட்டியில் போட்டார். போட்டுவிட்டு, மேசையில் முகக்கவசத்தோடு இருந்த பெண்பிள்ளைக்கு முன்னால் இடது கையை நீட்டி, சின்ன விரலை மட்டும் நிமிர்த்திக்கொண்டு நின்றார். அவளுக்கு விளங்கவில்லை. விரலைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள், பிறகு பக்கத்திலிருந்த சனிட்டைசர் போத்தலை எடுத்து அந்த விரலில் இரண்டு தரம் அமத்தினாள். மாமா அதை மற்றக் கையாலும் தேய்த்துக்கொண்டு, அவளுக்குத் தலையாட்டிவிட்டு வெளியே வந்தார். ‘இஞ்சை வந்த கறையையும் கழுவி விடுறாங்களடா’ என்றாராம் பேரனிடம்.